புதன்கிழமை லெனோர்

என் அக்கா லெனோருக்குக் குவார்ட்டர்பேக் எடுக்கத் தெரியாது என்பது சீக்டவாகாவில் எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம். போன பிப்ரவரியில், கொட்டுகிற பனியில், நாற்சந்தி ஓரம் கோழி வேஷம் போட்டுக்கொண்டு அவள் ஒரு மணி நேரம் நின்றதைப் பார்த்தவர்கள் இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. "எனக்குக் குவார்ட்டர்பேக் எடுக்கத் தெரியாது" என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. எழுதியது நான்தான். எங்கள் வீட்டில் என் கையெழுத்துதான் அழகு.

கஸ்ஸின் மதுக்கடையில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற நாங்கள் பதினொரு பேர். ஆட்டப் பருவம் முடிகிறபோது யாருடைய மொத்தப் புள்ளி குறைவோ அவர்தான் கோழி. லெனோர் இரண்டு தடவை கோழியாகியிருக்கிறாள். இரண்டு தடவையும் வாயைத் திறக்காமல் போய் நின்றாள். வேஷத்தைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்த ஒரே ஆள் அவள்தான் என்று கஸ் சொல்வான்.

அமெரிக்கக் கால்பந்தை வைத்து நாங்கள் ஆடுகிற இந்த ஆட்டம் ஒன்றும் கம்பசூத்திரமில்லை. தொலைபேசியில் எல்லோருக்கும் ஒரே அளவு பொய்ப்பணம் தருவார்கள். அதைக்கொண்டு ஒன்பது ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும். நல்ல ஆட்டக்காரனுக்கு விலை அதிகம். ஞாயிறன்று மைதானத்தில் அவர்கள் நிஜமாக ஆடுகிற ஆட்டம் நமக்குப் புள்ளியாகிறது. ஒன்பதில் ஒருவன்தான் குவார்ட்டர்பேக், பந்தை எறிகிறவன். அவன் சரியில்லை என்றால் மற்ற எட்டு பேரும் சேர்ந்து தலைகீழாக நின்றாலும் பிரயோஜனமில்லை. ஞாயிறு மதியம் ஒரு மணிக்குப் பூட்டு விழும். அதுவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். வியாழக்கிழமை யார் கணுக்கால் சுளுக்கியது, வெள்ளிக்கிழமை யார் பயிற்சிக்கு வரவில்லை, ஏரிப் பக்கமிருந்து காற்று எவ்வளவு வேகமாக அடிக்கிறது, இதையெல்லாம் கடைசி நிமிஷம்வரை மோப்பம் பிடித்து மாற்றிக்கொண்டே இருப்பதுதான் ஆட்டமே. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு வரும்போது பைக்குள் கையை விட்டுக் குவார்ட்டர்பேக்கை மாற்றியவள் நான்.

லெனோர் அப்படியில்லை. புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், ஒன்பது பேரையும் போடுவாள். போட்ட கையோடு அதை எங்கள் பத்துப் பேருக்கும் அனுப்பியும் விடுவாள். அதோடு சரி. தன் குவார்ட்டர்பேக்குக்கு முழங்கால் போய்விட்டது, ஆடப்போவதில்லை என்று வெள்ளிக்கிழமை ஊரே பேசினாலும் தொடமாட்டாள். ஒன்பது வருஷத்தில் ஐந்து தடவை, மைதானத்தில் கால்கூட வைக்காத ஆளை வைத்துக்கொண்டு சுத்தமாகப் பூஜ்யம் வாங்கியிருக்கிறாள். "போட்டாச்சுன்னா போட்டாச்சுதான்" என்பாள். எங்கள் அண்ணன் மார்ட்டி அவளுக்கு வைத்த பெயர்தான் புதன்கிழமை லெனோர்.

மற்றதிலெல்லாம் அவளைப்போல் கறாரான பொம்பளை கிடையாது. துவாலையை மூன்றாகத்தான் மடிப்பாள், நான்காக மடித்தால் பிரித்துத் திரும்ப மடிப்பாள். முப்பத்தோரு வருஷமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். எலும்பு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் டாக்டருக்கு முன்னால் அவள் கண்ணில் பட்டுவிடும். பதின்மூன்று வருஷத்துக்கு முன் நான் வாசற்படிப் பனியில் வழுக்கி மூன்று விலா எலும்பை உடைத்துக்கொண்டபோது படம் எடுத்ததும் அவள்தான். அப்புறம் ஆறு வாரம் என்னைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு கஞ்சியும் சூப்புமாக ஊட்டினாள். அப்போது எனக்குப் புருஷனாக இருந்த கென் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் அரிசோனாவுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். பீடை தொலைந்தது.

இப்படிப்பட்டவள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு அசட்டையாக இருக்கிறாள் என்று நான் யோசித்ததே இல்லை. வயசான பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பதற்கு ஓர் ஆள் கிடைத்தால் யார் யோசிக்கிறார்கள்?

நான் பல்பொருள் அங்காடியில் இறைச்சி வெட்டும் பகுதியில் நிற்கிறவள். பன்றித்தொடையை மெல்லிசாகச் சீவிக்கொண்டே மனசுக்குள் குவார்ட்டர்பேக்குகளை எடை போடுவேன். எதிர் அணியில் எந்தக் காவல்காரன் நொண்டுகிறான், எந்த மைதானத்துக்குக் கூரை இருக்கிறது, எவனுக்கு விலை குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று பார்ப்பேன். எறிகிறவனை எடுத்தால் அவன் பந்தைப் பிடிக்கிறவனையும் சேர்த்தே எடுப்பேன், ஒரே எறியில் இரண்டு பேருக்கும் புள்ளி கிடைக்குமே. ஜம்பத்துக்குச் சொல்லவில்லை, எனக்கு இது நன்றாக வரும்.

இந்த இலையுதிர்காலத்தில்தான் எனக்கு அந்த அதிர்ஷ்டம் அடித்தது. நான்கு ஞாயிறுகள் சேர்ந்த ஒரு போட்டி. நாடு முழுக்க மூவாயிரம் பேர் ஆடினார்கள். நான்கு வாரக் கூட்டலில் முதலாவதாக வருகிறவருக்கு ஜனவரியில் ஃபுளோரிடாவில் நடக்கும் இறுதிச் சுற்றில் ஓர் இடம். இரண்டு பேர் போகலாம். கடற்கரை ஓட்டலில் நான்கு நாள். மூன்று ஞாயிறு முடிந்தபோது நான் முதலிடத்தில் இருந்தேன். அடுத்தவனைவிடப் பதினொரு புள்ளி கூட.

கூட வருவது லெனோர் என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டேன். ஜனவரியில் எங்கள் ஊரைவிட்டு அவள் எங்கும் போனதில்லை. பனி அள்ளுவாள், எலும்பு உடைந்தவர்களுக்குப் படம் எடுப்பாள், அதுதான் அவளுடைய ஜனவரி. கடையில் கழிவு விலையில் பச்சை நிறத்தில் ஒரு நீச்சல் உடை வாங்கி அவளுக்குக் கொடுத்தேன். ஐம்பத்தெட்டு வயசில் இதென்ன கூத்து என்று திட்டினாள். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. "நீந்தெல்லாம் மாட்டேன், சொல்லிட்டேன். முட்டி வரைக்கும் தண்ணில நிப்பேன், அவ்ளோதான்" என்றாள். அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

நான்காவது ஞாயிறு. எல்லோர் வாயிலும் ஒரே பெயர்தான், ரக்கர். எங்கள் ஊர் அணியோடு மோதுவதற்கு வெளியூரிலிருந்து வருகிற அணியின் குவார்ட்டர்பேக். இருபத்தாறு வயசுக் காளை. அவன் ஆடுகிற ஆட்டத்துக்கு அந்த வாரம் போட்டிருந்த விலை கொள்ளை மலிவு. லெனோரும் புதன்கிழமையே அவனைத்தான் போட்டிருந்தாள். எனக்கோ இரண்டு மனசு. முன்னால் நிற்கிறவள் கூட்டத்தோடு போவதுதான் புத்தி. எல்லோரும் வைத்திருக்கிற ஆளையே நானும் வைத்திருந்தால் அவன் அடிக்கிற அடி எல்லோருக்கும் சமமாக ஏறும், என் பதினொரு புள்ளி அப்படியே நிற்கும். இன்னொரு பக்கம் கிழவன் பெல்டன். முப்பத்தெட்டு வயசு, கூரை போட்ட மைதானம், பெரிசாகக் கிழிக்கமாட்டான், ஆனால் பதினெட்டுப் புள்ளிக்குக் குறையவும் மாட்டான். அவனே எனக்குப் போதும்தான்.

சனிக்கிழமை என் வீட்டில் சாப்பாடு. மாட்டிறைச்சியை மெல்லிசாகச் சீவி, உப்பும் சீரகமும் தூவிய ரொட்டிக்குள் வைத்திருந்தேன். பக்கத்தில் காரமுள்ளங்கித் துவையல். ஆறு மணிக்கு வரவேண்டிய லெனோர் ஏழே காலுக்கு வந்தாள். ஆஸ்பத்திரி நீல உடுப்பைக்கூட மாற்றவில்லை. கிளம்புகிற நேரத்தில் ஒரு படம் வந்துவிட்டது என்றாள். சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் பனியில் விழத்தான் விழுவார். நான் அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாடு முழுக்க நான்தான் பேசினேன். ரக்கரா பெல்டனா, பெல்டனா ரக்கரா. மார்ட்டி வாய் நிறைய ரொட்டியோடு ரக்கர் என்றான். லெனோரே அவனை எடுத்திருப்பது ஒன்றுதான் கெட்ட சகுனம் என்று சொல்லிச் சிரித்தான். நான் லெனோர் பக்கம் திரும்பினேன்.

"நீ சொல்லு. உன்னையும்தானே கூட்டிட்டுப் போறேன். ரக்கரை வச்சுக்கவா, தூக்கிடவா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள்.

"அந்தத் துவையல இப்பிடி நகத்து, ட்ரூடி" என்றாள்.

இவளிடம் போய்க் கேட்டேனே என்று மார்ட்டியும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். துவையலை நகர்த்தினேன். அவள் அதைத் தொட்டதாக ஞாபகமில்லை. சாப்பிட்டு முடித்ததும் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்ததையும் சேர்த்துக் கழுவினாள்.

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு, அன்று ஆடாதவர்களின் பட்டியல் வந்தது. ரக்கரின் பெயர் அதில் இல்லை. அப்பாடா என்றிருந்தது. அவனையே வைத்துக்கொண்டேன். ஒரு மணிக்குப் பூட்டு விழுந்தது.

கஸ்ஸின் கடையில் உட்கார இடமில்லை. கோழி இறக்கைத் தட்டுகள் போய் வந்துகொண்டிருந்தன. லெனோர் வழக்கம்போல ஓரத்து முக்காலியில் குறுக்கெழுத்துக் கட்டத்தோடு உட்கார்ந்திருந்தாள். ரக்கர் எறிகிற கையில் கறுப்பு உறை மாட்டிக்கொண்டு வந்தான். குளிருக்கு மாட்டியிருக்கிறான் என்றான் மார்ட்டி. முதல் எறி அவன் கையைவிட்டு ஈரச் சோப்புக் கட்டிபோல நழுவி அவன் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது எறி எங்கள் ஊர் ஆள் மடியில் போய் உட்கார்ந்தது. கடை அதிர்ந்தது. நான் மட்டும் எங்கள் ஊர் அணிக்குக் கைதட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த முறை வந்தபோது பந்தை வாங்கிய கையோடு கீழே விட்டான், அதையும் எங்கள் ஆளே பொறுக்கினான். ரக்கர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வரவில்லை. பந்தைப் பறிகொடுத்தால் புள்ளியைக் கழிப்பார்கள். என் குவார்ட்டர்பேக்குக்குக் கிடைத்தது பூஜ்யம்கூட இல்லை, பூஜ்யத்துக்கும் கீழே ஒன்றரை.

எனக்கு அழக்கூட வரவில்லை. இறக்கை எலும்பைக் கையில் பிடித்தபடியே இருந்தேன். பெல்டன் இன்னொரு திரையில் நிதானமாக எறிந்துகொண்டிருந்தான், ஏழு புள்ளி, பன்னிரண்டு, பத்தொன்பது. ரக்கரை எடுக்காதவர்கள் தாண்டத் தாண்ட என் பெயர் முதலிடத்திலிருந்து நான்காவதுக்கு வந்தது, இருபதுக்குப் போனது. முடிவில் நாற்பத்தாறு.

ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில்தான் மைதானத்தோரம் நின்ற செய்தியாளர் பெண் அந்த விஷயத்தைச் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் ஓட்டல் வாசலில் பேருந்திலிருந்து இறங்கும்போது ரக்கர் பனியில் வழுக்கினானாம். சத்தமில்லாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஆறு மணிக்கு மேல் எக்ஸ்ரே எடுத்ததில் கட்டைவிரல் அடியில் விரிசலாம். இறுக்கிக் கட்டினால் சமாளித்துவிடலாம் என்று பார்த்தார்களாம்.

ஆறு மணிக்கு மேல். ஏழே காலுக்கு வந்து நின்ற நீல உடுப்பு என் கண்முன் வந்தது. திரும்பிப் பார்த்தேன். லெனோர் நிமிரவேயில்லை. கட்டத்தில் ஏதோ ஓர் எழுத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

கடையில் இன்னும் நாலைந்து பேர் அவள் பக்கம் திரும்பினார்கள், அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். மார்ட்டிதான் கையை உதறிவிட்டுச் சொன்னான்.

"அட போங்கப்பா. தெரிஞ்சிருந்தா அவளே மாத்தியிருக்க மாட்டாளா? அவளும் அவனைத்தானே வச்சிருக்கா. புதன்கிழமையிலருந்து வச்சிருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அதுதானே என்றார்கள். ஒரே நிமிஷத்தில் அவரவர் தட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் மார்ட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதன் அர்த்தம் அவனுக்கே புரியவில்லை. ஒன்பது வருஷமாகப் புதன்கிழமை. போட்டதைத் தொடுவதில்லை. முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிடுவது. அடிபட்ட ஆட்டக்காரர்கள் அவள் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள், அங்கே பார்த்ததை அவள் வெளியே விடக்கூடாது. சனிக்கிழமை ஒரே ஒரு தடவை அவள் ஓர் ஆளை மாற்றியிருந்தால் போதும், அந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எங்கள் பத்துப் பேருக்கும் தெரிந்துபோகும். அதற்காகத்தான் ஐந்து பூஜ்யம். அதற்காகத்தான் கோழி வேஷம். நான் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதற்காகத்தான் பனியில் நின்றிருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆனால் அதிர்ச்சி அடங்கியதும் எனக்கு வந்தது மரியாதை இல்லை, கோபம். ஊருக்குச் சொல்ல வேண்டாம். கூடப்பிறந்தவளுக்குமா? நான் ஒன்றும் ரகசியத்தைக் கக்கச் சொல்லவில்லையே. பெல்டனை எடு என்று ஒரு வார்த்தை. தலையை ஓர் ஆட்டு. அதுகூட வேண்டாம், இரண்டு தடவை இருமியிருந்தால் புரிந்துகொண்டிருப்பேனே.

திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். மார்ட்டி அவள் வாசலில் இயந்திரத்தை வைத்துப் பனி தள்ளிக்கொண்டிருந்தான். உள்ளே அவள் சனிக்கிழமை மிஞ்சிய இறைச்சியைச் சூடுபண்ணி மூன்று தட்டு வைத்திருந்தாள். நடுவில் துவையல் குப்பி. நாற்காலி முதுகில் அந்தப் பச்சை நீச்சல் உடை, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல், மூன்றாக மடித்துத் தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"நீதானே அவனுக்குப் படம் எடுத்தே?" என்றேன்.

"யார் வந்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். யாருமே வரலன்னும் சொல்ல மாட்டேன்."

"என் முகத்தப் பாத்து, துவையல நகத்துன்னு சொன்னியே லெனோர். நான் உன் தங்கச்சி. உன்னையும் சேத்துத்தான அந்தக் கடலுக்குக் கூட்டிட்டுப் போக இருந்தேன்."

"தெரியும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. லெனோர் கண்கலங்கி நான் பார்த்தது அப்பா செத்த அன்றைக்குத்தான். "எனக்கும் போகணும்னுதான் இருந்துச்சு."

கூடப்பிறந்தவளைவிட எவனோ ஒரு பந்து எறிகிறவன் உனக்கு உசத்தியாகப் போய்விட்டானா என்று நான் கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன், எழுதுகிற மாதிரி இல்லை. அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். வெளியே இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் வழியாக மார்ட்டியைப் பார்த்தாள். பிறகு சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"பதிமூணு வருஷமா மார்ட்டி என்னைக் கேக்குறான், ட்ரூடி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்குறான். ட்ரூடி நெஜமாவே படியில வழுக்கித்தான் விழுந்தாளா, படத்துல என்ன தெரிஞ்சதுன்னு. நான் அவனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்னு நெனக்கிற?"

வாசற்படிப் பனியில் வழுக்கினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். பதின்மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய் அது, இங்கேயும் கை தானாக எழுதிவிட்டது. எங்கள் வாசற்படியில் அன்று பனியே இல்லை. கென் காலில் பூட்ஸ் போட்டிருந்தான். படியில் விழுகிறவளுக்கு எங்கே உடையும், உதை வாங்குகிறவளுக்கு எங்கே உடையும் என்று அவளுக்குத் தெரியாதா? அன்றே மார்ட்டிக்குத் தெரிந்திருந்தால் கென்னைக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போயிருப்பான். யாருக்கும் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியும் என்பதை அவள் என்னிடம்கூட ஒருநாள் காட்டிக்கொண்டதில்லை. ஆறு வாரம் வைத்துக் கஞ்சி ஊட்டியபோதும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

வெளியே இயந்திரம் நின்றது. மார்ட்டி பூட்ஸைத் தட்டிவிட்டு, மூக்கு சிவக்க உள்ளே வந்தான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தான். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு லெனோர் பக்கம் குனிந்தான்.

"ராத்திரி முழுக்க யோசிச்சேன். நமக்குள்ளயே இருக்கட்டும். அந்தப் பயல உங்க ஆஸ்பத்திரிக்குத்தான கூட்டிட்டு வந்தாங்க? உனக்குத் தெரியும்ல?"

லெனோர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மார்ட்டி, அந்தத் துவையல இப்பிடி நகத்து" என்றேன்.